ஒரு எண்ணின் குறியை எப்படிக் கண்டுபிடிப்பது?

மிகை எண் என்றால் 1, குறை எண் என்றால் -1, பூஜ்யம் என்றால் 0. இதைச் சொல்ல பைத்தான் நிரல்மொழியில் உள்ளமைந்த ஃபங்ஷன் எதுவும் கிடையாது. நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் முதலில் எழுதியது பள்ளிக் கணக்கில் படித்த வழி: எண்ணை அதன் மட்டு மதிப்பால் வகுப்பது. -7-ஐ 7-ஆல் வகுத்தால் -1 வரும், சரிதானே? வெப்பநிலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று சென்சாரிலிருந்து பார்த்துச் சொல்லும் ஒரு நிரலில் இதைப் போட்டிருந்தேன். பகல் முழுக்க ஒழுங்காக ஓடியது. ராத்திரி அடுத்தடுத்து இரண்டு அளவீடுகள் ஒரே மாதிரி வந்தன. வித்தியாசம் 0. பூஜ்யத்தால் வகுக்க முடியாமல் நிரல் நின்றுவிட்டது. விடியும்வரை ஒரு அளவீடுகூடப் பதிவாகவில்லை.

அன்றிலிருந்து நான் எழுதுவது இந்த ஒரு வரிதான்:

குறி = (எண் > 0) - (எண் < 0)

பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரையும் ஏற்கும், அதனால் இதை அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். எண் -7 என்றால் முதல் அடைப்புக்குறி பொய், அதாவது 0; இரண்டாவது மெய், அதாவது 1. கழித்தால் -1. பைத்தானில் மெய்யும் பொய்யும் முழு எண்களாகவே நடந்துகொள்வதால் இது முடிகிறது. சி மொழியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இதே கழித்தல் வேலை செய்யும். ஜாவா ஒத்துக்கொள்ளாது, அங்கே சிக்னம் என்ற ஃபங்ஷன் தயாராக இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டிலும் 2015 முதல் சைன் என்ற ஃபங்ஷன் உண்டு.

முழு எண்களுக்கு இது போதும். தசம எண்களில்தான் கவனம் வேண்டும். 64 பிட் தசம எண்ணில் முதல் பிட் குறிக்கென்றே ஒதுக்கப்பட்டது. அப்புறம் 11 பிட் அடுக்குக்கு, மீதி 52 பிட் இலக்கங்களுக்கு. குறிக்குத் தனி இடம் இருப்பதால் பூஜ்யத்துக்கும் குறி உண்டு. -0.0 == 0.0 என்று கேட்டால் மெய் என்றே பதில் வரும், நம் வரியும் இரண்டுக்கும் 0 தரும். பெரும்பாலும் நமக்கு வேண்டியதும் அதுதான். அந்தப் பிட்டையே பார்க்க வேண்டுமானால் மேத் தொகுப்பில் உள்ள காப்பிசைன் ஃபங்ஷனுக்கு 1-ஐயும் உங்கள் எண்ணையும் கொடுங்கள். 1.0 அல்லது -1.0 வரும், 0 வரவே வராது.

எனக்கு அதிகம் பயம் தருவது நேன், அதாவது 'எண் அல்ல' என்ற மதிப்பு. அது 0-ஐவிடப் பெரியதா என்று கேட்டாலும் சிறியதா என்று கேட்டாலும் பொய்தான், ஆகவே நம் வரி 0 என்று சொல்லிவிடும். சென்சார் பழுதாகி நேன் அனுப்பினால், 'வெப்பநிலை மாறவில்லை' என்று நிரல் நம்பிக்கொண்டிருக்கும். நின்றுபோகிற நிரலைவிட இது மோசம், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. எனவே முதலில் எண் != எண் என்று சோதியுங்கள். தசம எண்களில் தனக்குத் தானே சமமாக இல்லாதது நேன் மட்டும்தான்.

இரண்டு எண்களுக்கு ஒரே குறியா என்று பார்க்கப் பெருக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாம். 10-இன் அடுக்கு -200 போன்ற இரண்டு மிகச் சிறிய எண்களைப் பெருக்கினால் விடை பூஜ்யமாகிவிடும். இரண்டின் குறியையும் தனித்தனியே எடுத்து ஒப்பிடுங்கள்.