அடைமழையில் கார் ஓட்டுவது எப்படி? காரைக்குடிப் பக்கம் புதிதாக ஓட்டுபவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் புதிதாகக் கார் ஓட்டத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளட்ச், கியர் எல்லாம் பழகியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. அந்த மழையில் புதியவர்களைத் திணற வைப்பவை இரண்டு: கண்ணாடி மறைப்பது, சாலையைக் கடக்கும் கண்மாய்த் தண்ணீர்.

1. புரட்டாசியிலேயே வைப்பரும் டயரும்

நம் ஊர் வெயிலில் ஒரு கோடை நின்றாலே வைப்பர் ரப்பர் இறுகிவிடும். கண்ணாடியில் கோடு கோடாக இழுத்தாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ மாற்றிவிடுங்கள். இரும்புச் சட்டம் வைத்த பழைய வகையைவிட, சட்டமில்லாத வளைந்த வகைதான் என் தேர்வு. முழு நீளத்துக்கும் கண்ணாடியோடு ஒட்டி வழிக்கிறது. பல கார்களில் ஓட்டுநர் பக்க வைப்பரும் இடப்பக்க வைப்பரும் ஒரே நீளம் இருக்காது. பழையதைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோங்கள். கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பி வையுங்கள். எதிரே வரும் லாரி செம்மண் சேற்றை வாரி அடிக்கும்போது அதன் அருமை தெரியும்.

டயரின் மேலே வெட்டியிருக்கும் பள்ளங்களின், அதாவது காடியின், ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால், சட்டப்படியே அந்த டயர் காரில் ஓடக்கூடாது. காடிக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் அந்த அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள். மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்காதீர்கள். 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

2. கண்ணாடியில் படியும் ஆவி

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். ஒருவர் ஏசியைப் போடு என்பார், இன்னொருவர் அணை என்பார். இருவர் சொல்வதும் சரி. ஆவி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வண்டியை ஓரமாக நிறுத்தி, உள்ளேயிருந்து கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு விழுந்தால் ஆவி உள்பக்கம். விழாவிட்டால் வெளிப்பக்கம்.

உள்பக்க ஆவிக்குக் காரணம் நனைந்த துணியும் குடையும், உள்ளே இருப்பவர்களின் மூச்சும். ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். அப்புறம் பலரும் விட்டுவிடுகிற இடம் ஒன்று உண்டு. காருக்குள் அம்புக்குறி வளைந்து திரும்புகிற மாதிரி படம் போட்ட பொத்தான் அணைந்திருக்க வேண்டும். அது எரிந்தால் உள்ளே இருக்கும் ஈரக்காற்றே சுற்றிச் சுற்றி வரும், ஆவி போக நேரமாகும். இங்கே நமக்கு வேண்டியது குளிர்ச்சி இல்லை. ஏசி காற்றின் ஈரத்தைப் பிரித்து வண்டிக்கு அடியில் சொட்டவிடுகிறது. அந்த வேலைதான் வேண்டும். அதனால் ஏசி ஓடும்போதே வெப்பக் குமிழைச் சூட்டுப் பக்கம் திருகி வைக்கலாம். குழந்தைகளுக்கும் குளிராது.

மழை விட்டுப் புழுக்கம் எடுக்கும்போது இது தலைகீழாகும். குளிர்ந்த காற்று பட்டுக் கண்ணாடி சில்லிட்டுப்போக, வெளியே இருக்கும் ஈரம் அதில் வந்து படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. காற்றைக் காலுக்குத் திருப்பி, குளிரைக் குறைத்து, வைப்பரை ஒருமுறை ஓட்டினால் தெளிந்துவிடும்.

கையால் துடைக்க வேண்டாம். விரல் பிசுக்கு படிந்தால் இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணாடி முழுக்கச் சிதறும். கடையில் விற்கிற துணிகளைவிட, பலமுறை துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துண்டு இதற்கு அருமை.

3. வேகம், விளக்கு

மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம்தான் சாலை அதிகம் வழுக்கும். படிந்திருந்த எண்ணெயும் தூசியும் அப்போது குழைந்து கிடக்கும். திருமயம் சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் கனமழையில் 50-ஐத் தாண்ட வேண்டாம். முன் வண்டி ஒரு மரத்தைக் கடந்த பிறகு, நீங்கள் அதைக் கடக்க 4 விநாடியாவது ஆக வேண்டும். பகலிலும் ஹெட்லைட்டை லோ பீமில் போடுங்கள். ஸ்டியரிங் திடீரென்று லேசானால் டயர் தண்ணீர்மேல் மிதக்கிறது. பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள்.

4. கண்மாய் மறுகால் போகும்போது

மழை விட்டுவிட்டதே என்று நம்பிக் கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நம் கண்மாய்கள் சங்கிலியாக இருப்பவை. மேலே ஒன்று நிறைந்து, மிகுந்த தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்து (இதைத்தான் மறுகால் போவது என்கிறோம்), அடுத்ததை நிரப்பி, அதற்கடுத்த ஊருக்குப் போகும். உங்கள் ஊரில் மழை நின்று பல மணி நேரம் கழித்துக்கூடத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறும். ஆகவே வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போகிற ஊரில் தெரிந்தவர் ஒருவருக்குப் போன் போட்டு, "மறுகால் போகுதா, பாலத்துல தண்ணி ஏறியிருக்கா?" என்று கேளுங்கள்.

செம்மண் தண்ணீரில் அடி தெரியாது. பாலம் அரித்துப் போயிருந்தாலும் மேலே ஒரே சிவப்பாகத்தான் ஓடும். 30 சென்டிமீட்டர் ஓடும் தண்ணீர் பல கார்களை மிதக்கவிடும். 60 சென்டிமீட்டர் பெரிய வண்டியையும் இழுத்துவிடும். சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடினால் இறங்கவே கூடாது. முன்னால் பஸ் போனதைப் பார்த்தும் போகக் கூடாது. திரும்பிச் சுற்று வழியில் போங்கள், இல்லையென்றால் காத்திருங்கள்.

ஓட்டமில்லாமல் தெருவில் தேங்கிய தண்ணீர் வேறு. சக்கரத்தில் பாதிக்கு நன்றாகக் கீழே இருந்தால், முதல் கியரில் நிற்காமல் மெதுவாகப் போகலாம். நடுவில் இன்ஜின் நின்றால் மறுபடி சாவியைத் திருகாதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் இன்ஜினே உடைந்துவிடும். தள்ளி வெளியே எடுத்து மெக்கானிக்கை அழையுங்கள்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதால் இவற்றையும் சேர்க்கிறேன். ஏசி இல்லாத வண்டியில் எதிரெதிர்க் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கி, மின்விசிறிக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஜன்னல்களுக்கு மேல் வைசர் ஒட்டியிருந்தால் சாரல் அடிக்காது.

ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடலாமா என்றால், வேண்டாம். நீங்கள் திரும்பப்போவது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். நின்றால் மட்டும் போடுங்கள். நிற்கும்போதும் செம்மண் ஓரத்தில் அதிகம் இறக்காதீர்கள், ஊறிய மண்ணில் சக்கரம் புதைந்துவிடும்.

தண்ணீரைத் தாண்டியதும் பிரேக் பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். நனைந்த பிரேக் அப்படித்தான் இருக்கும். பின்னால் வண்டி இல்லையென்று பார்த்து, மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாக நான்கைந்து முறை அழுத்துங்கள். பிடிப்பு திரும்பிய பிறகு வேகம் எடுங்கள். திரும்பாவிட்டால் அங்கேயே ஓரம்கட்டி மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள்.