கிணற்றில் டீசல் கலந்தால் செய்யக்கூடாதவை

தேயிலைத் தொழிற்சாலை ஜெனரேட்டரின் டீசல் தாங்கி கசிந்து, கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கிணற்றில் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. உடனே எழும் கேள்வி: எண்ணெய் தின்னும் பற்றீரியாத் தூள் எங்கே கிடைக்கும்? அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள். சூடோமோனாசு போன்ற இனங்கள் நம் மண்ணிலேயே இருக்கின்றன. தீனி வந்ததும் தாமாகவே பெருகும். 1989இல் அலாஸ்காவில் எக்ஸன் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோதும், கரையில் உரமிட்டு அங்கிருந்த நுண்ணுயிர்களையே ஊக்குவித்தார்கள்.

நிலத்தடியில் அவற்றுக்குத் தட்டுப்பாடு ஒட்சிசன்தான். ஒரு லீற்றர் டீசலை முழுதாகத் தின்ன ஏறத்தாழ 2.8 கிலோ ஒட்சிசன் வேண்டும். ஒரு லீற்றர் நீரில் கரைந்திருப்பதோ சுமார் 8 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்றரை இலட்சம் லீற்றர் நீரின் ஒட்சிசன் அத்தனையும் ஒரு லீற்றர் டீசலுக்கே சரியாகப் போகும். கசிவை அடைக்காமல், மிதக்கும் எண்ணெயை அள்ளாமல் நிலத்துக்குள் காற்றை ஊதுவது வீண் செலவு.

அடுத்த தவறு உரக் களஞ்சியத்தில் தொடங்குகிறது. நைதரசனும் பொசுபரசும் தேவைதான்; நூறு பங்கு காபனுக்குப் பத்துப் பங்கு நைதரசன், ஒரு பங்கு பொசுபரசு என்பது வழக்கமான கணக்கு. யூரியாவை மூட்டையோடு கவிழ்த்தால், நைத்திரேற்றாக மாறும்போது அதே ஒட்சிசனை அதுவும் பிடுங்கிக்கொள்ளும். தேயிலை மண் ஏற்கனவே புளிப்பு (அமிலத்தன்மை) கொண்டது, இன்னும் புளிக்கும். மிஞ்சிய நைத்திரேற்று சரிவில் இறங்கி, ஊற்றுநீர் குழாய்வழி விழும் கீழ்ப் பீலிக்கு வரும். அந்தத் தண்ணீரில்தான் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிறார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுத்தான் உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. மண்ணின் புளிப்பைக் குறைக்க நம்மிடம் டோலமைட் இருக்கிறது, அதையும் மண்ணைச் சோதித்த பிறகே இடவேண்டும்.

வாடை போகட்டும் என்று குளோரின் தூளைக் கொட்டுகிறவர்களும் உண்டு. வேலைசெய்கிற பற்றீரியாவைக் கொல்வதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

நுவரெலியாவின் குளிரில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். அதனால் படலம் மறைந்த அன்றே வாளியை இறக்கிவிட வேண்டாம். டீசலிலிருந்து நீரில் கரைந்த பென்சீன் என்ற நச்சுப்பொருள் கண்ணுக்குத் தெரியாது. மழைக்கு நீர்மட்டம் ஏறினால் மண்ணில் ஒட்டிய எண்ணெய் மறுபடி கரையும். கிணறுகளில் எண்ணெய் கலந்த யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தின் சுண்ணாம்புக்கல் நிலம் போலல்ல இது. இங்கே நீர் உக்கிய மண்ணிலும் கற்பாறை வெடிப்புகளிலும் ஓடுகிறது, எங்கே தலைகாட்டும் என்று சொல்வது கடினம். கோடையில் ஒன்று, தென்மேற்குப் பருவமழைக்குப் பின் இன்னொன்று என்று மாதிரி எடுங்கள், கிணற்றிலும் கீழேயுள்ள ஒவ்வொரு பீலியிலும்.