ஹேமக்கில் தூக்கம் வரவில்லையா? முதலில் கயிற்றைத் தளர்த்துங்கள்

போன வாரம் ஒரு தம்பி புது ஹேமக், அதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்கு படுக்கை, கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தில் ஒரு காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் இழுத்த இழுப்பில் துணி பலகை மாதிரி நின்றது. "லூசா விட்டா முதுகு வளைஞ்சிடும்ல, அண்ணா?" என்றான். பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் அதே கேள்வியோடு, அதே மாதிரி காலை ஊன்றி நின்றவன்தான்.

பட்டுப்போன மரத்தில் கட்டாதீர்கள், எவ்வளவு எடை தாங்கும் என்று பாருங்கள் என்பதெல்லாம் உறையிலேயே அச்சடித்திருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்வது இரண்டு முனையும் குவிந்து சேரும் சாதாரணத் துணி ஹேமக்கைப் பற்றி.

இழுத்துக் கட்டுவது

மற்ற தவறுகள் பெரும்பாலும் ஒரு ராத்திரித் தூக்கத்தைத்தான் கெடுக்கும். இது ஆளையே கீழே தள்ளும்.

இறுக்கமாகக் கட்டினால் தட்டையாக இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஏறிப் படுத்ததும் நடப்பது வேறு. துணியின் இரு ஓரங்களும் விறைத்து மேலே எழும்பித் தோள்களை நெருக்கும். உடம்பு நடுவில் ஒடுங்கும். சற்றுப் புரண்டாலும் மொத்தமும் கவிழப் பார்க்கும்.

கயிற்றின் மேல் விழும் சுமை இன்னும் மோசம். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால், 80 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 80 கிலோ இழுவிசை. சாய்வு 10 டிகிரியாகக் குறைந்தால் அது 230 கிலோ. 5 டிகிரியில் 460 கிலோவுக்குப் பக்கம். ஆள் அதே ஆள்தான்.

இந்தக் கணக்கு தெரியாமல் சுவரில் கொக்கி அடித்து விறைப்பாகக் கட்டிப் படுத்தேன். ஒரு நாள் நடுராத்திரி கொக்கி காரையோடு பெயர்ந்து வந்தது. வால் எலும்பில் அடி. மூன்று வாரம் நேராக உட்கார முடியவில்லை. விழுந்ததுகூடப் பரவாயில்லை. கொக்கிதான் மட்டமான சரக்கு என்று திட்டிக்கொண்டு, அதைவிடத் தடிமனாக ஒன்று வாங்கி, மறுபடியும் அதே இறுக்கத்தில் கட்டினேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஏன் எல்லோரும் இழுக்கிறார்கள்? கயிற்றைத் தாழக் கட்டுவதால்தான். நெஞ்சு உயரத்தில் கட்டிவிட்டுத் தளர்வாக விட்டால் முதுகு தரையைத் தொடும். உடனே இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள், மேலே ஏற்றிக் கட்டுங்கள். மரங்களுக்கு நடுவே 15 அடி இருந்தால், 11 அடி நீள ஹேமக்குக்குச் சுமார் 6 அடி உயரம் தேவைப்படும். கோணம் பார்க்கக் கையே போதும். துப்பாக்கி போலக் கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கிடையாகவும் நீட்டுங்கள். இரண்டு நுனிகளையும் இணைக்கும் சாய்வில் கயிறு ஓடினால் ஏறத்தாழ 30 டிகிரி.

தினமும் இடம் மாற்றிக் கட்டுகிறவர்கள் ரிட்ஜ்லைன் போட்டுக்கொள்வது நல்லது. ஹேமக்கின் இரு முனைகளையும் மேலே நேராக இணைக்கும், நீளாத மெல்லிய கயிறு அது. ஹேமக் நீளத்தில் 83 சதவீதம் என்பது வழக்கமான தொடக்க அளவு. 11 அடிக்கு ஏறக்குறைய 9 அடி 2 அங்குலம். மரம் எங்கே இருந்தாலும் தொய்வு மாறாது. அதற்காக அந்தக் கயிறே விண்ணென்று நிற்கும்வரை இழுத்தால் பழைய கதைதான். விரலால் பிடித்து வளைத்தால் வளைய வேண்டும்.

நேராகப் படுப்பது

தளர்த்திக் கட்டியும் முதுகு வாழைப்பழம் போல வளைகிறது என்பவர்கள் நடுக்கோட்டிலேயே படுத்திருப்பார்கள். தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப் பக்கமும் தள்ளி, கோணலாகப் படுங்கள். அப்போதுதான் துணி விரிந்து உடம்பு ஏறக்குறைய மட்டமாகும். தொய்வு இல்லாத ஹேமக்கில் இப்படிப் படுக்கவே முடியாது; முதல் தவறுக்கு அவ்வளவு இடம் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்தப் பக்கம் என்பது அவரவர் உடம்பைப் பொறுத்தது. நான் இரண்டு வருஷம் தப்பான பக்கம் படுத்திருந்தேன்.

குட்டை ஹேமக்

9 அடி ஹேமக் மதியம் புத்தகம் படிக்கச் சரி. ராத்திரி கெண்டைக்காலுக்குக் கீழே துணி ஒரு வரப்பு மாதிரி எழும்பி, முழங்காலைப் பின்பக்கம் வளைக்கும். விடியும்போது முழங்கால் கடுக்கும். சராசரி உயரக்காரருக்கு 10 அடி, 6 அடி ஆளுக்கு 11 அடி இருந்தால் நிம்மதி. கையில் இருப்பது குட்டைதான் என்றால் முழங்காலுக்கு அடியில் ஒரு துணிச் சுருட்டு வையுங்கள், ஓரளவு சமாளிக்கலாம்.

இரு முனையும் ஒரே உயரம்

உடம்பின் எடை இடுப்புக்கு மேலேதான் அதிகம். அதனால் ராத்திரி முழுக்கக் கால் பக்கமாகச் சறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். கால் பக்கத்தை 6 முதல் 10 அங்குலம் உயர்த்திக் கட்டுங்கள்.

முதுகுக் குளிர்

மேலே எத்தனை போர்வை போட்டாலும் கீழே குளிரும். போர்வையில் உடம்புக்கு அடியில் சிக்கும் பஞ்சு நசுங்கிவிடும். வெப்பத்தைத் தடுக்க அதில் காற்று இருக்காது. பலருக்கு 20 டிகிரி செல்சியஸிலேயே முதுகு சில்லிட்டுவிடும். உள்ளே ஒரு ஃபோம் பாய் விரியுங்கள், அல்லது ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கவிடும் மெத்தை ஒன்று மாட்டுங்கள்.

குறுக்குக் கட்டை வைத்தது

முனைகளில் துணியை விரித்துப் பிடிக்கும் கட்டை இருக்கும் ஹேமக் படம் எடுக்க அழகு. புரண்டால் கவிழும்.

பெரிய தலையணை

கழுத்து மடங்கும். சின்னது போதும்.

உயரம்

நீங்கள் உட்கார்ந்த பிறகு துணி தரையிலிருந்து நாற்காலி உயரத்தில், 18 அங்குலத்தில் இருக்க வேண்டும். அந்தத் தம்பி இழுத்துக் கட்டியதில் துணியே 4 அடியில் நின்றது. இறங்கும்போது சொன்னேன், அதற்குள் விழுந்துவிட்டான்.