மாற்றுலகக் கதையில் இன்ஹியூமன்களுக்கு இடம் அமைப்பது எப்படி

மார்வெல் காமிக்ஸின் கதையுலகத்தைத் தம் போக்கில் மாற்றி எழுத உட்காரும் ரசிகர்களில் பெரும்பாலோர் ஸ்பைடர்மேனுக்கும் எக்ஸ்-மென்னுக்கும் முதலில் இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். இன்ஹியூமன்களின் நினைவு வரும்போது வரைபடத்தில் காலியிடம் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1965-ல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் இதழில் அறிமுகப்படுத்திய இந்த இனத்தின் அடிப்படை எளியது. கிரீ என்னும் வேற்றுக்கிரகத்தார் ஆதிமனிதரில் ஒரு பிரிவினர்மேல் நடத்திய மரபணுச் சோதனையிலிருந்து தோன்றியவர்கள் இவர்கள். அட்டிலான் என்னும் மறைநகரில் வாழ்ந்து, டெரிஜன் மூடுபனிக்குள் நுழைந்து ஆற்றல் பெறுகிறார்கள். இவ்வளவையும் அப்படியே எடுத்துப் புதிய உலகத்தில் வைத்தால் அது ஒட்டாது. எங்கே வெட்டி, எங்கே பொருத்த வேண்டும் என்பதே இங்கே பேசப்படுவது.

முதலில், உங்கள் உலகத்தில் மியூட்டன்ட்கள், அதாவது எக்ஸ்-மென் போல மரபணு மாற்றத்தோடு பிறப்பவர்கள், இருக்கிறார்களா என்பதை முடிவு செய்யுங்கள். மற்ற முடிவுகள் எல்லாம் இதைப் பொறுத்தே அமையும். பறப்பவர், தீ உமிழ்பவர், சுவரைப் பிளப்பவர் என்று ஆற்றல்களை மட்டும் அடுக்கினால் இரண்டு இனங்களுக்கும் வேறுபாடே தெரியாது. உண்மையான வேறுபாடு ஆற்றல் வந்து சேரும் வழியில் இருக்கிறது. மியூட்டன்ட் எந்த வீட்டிலும் பிறக்கலாம். பெரும்பாலும் பதின்ம வயதில், கேட்காமலே, பெற்றோர் அஞ்சும்படி அவருடைய ஆற்றல் வெளிப்படுகிறது. இன்ஹியூமனுக்கோ அது நாள் குறித்து நடத்தப்படும் சடங்கு. யார் எப்போது மூடுபனிக்குள் செல்லலாம் என்பதில் அரசுக்கும் மரபியல் அவைக்கும் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. கார்னக் என்னும் இன்ஹியூமனின் பெற்றோர், மூத்த மகன் ட்ரைட்டன் நீருக்கு வெளியே உயிர்வாழ முடியாதவனாக மாறியதைக் கண்டு, இளையவனை மூடுபனிக்கு அனுப்பவே இல்லை. ஆகவே மியூட்டன்ட் கதை பெரும்பான்மையின் நடுவே சிதறி வாழும் சிறுபான்மையின் கதையாகவும், இன்ஹியூமன் கதை கதவடைத்துக்கொண்ட ஓர் அரசின் கதையாகவும் அமைகின்றன.

இந்த வேறுபாட்டை அழித்தால் என்ன ஆகும் என்பதை மார்வெலின் முதன்மைத் தொடர்களே காட்டியிருக்கின்றன. 2013-ல் இன்ஹியூமன்களின் அரசன் பிளாக் போல்ட் வெடிக்கச் செய்த டெரிஜன் குண்டிலிருந்து எழுந்த மேகம் உலகைச் சுற்றிவர, தம் வம்சாவளியே அறியாத சாதாரண மக்கள் திடீரென்று ஆற்றல் பெற்றார்கள். பார்ப்பதற்கு அது மியூட்டன்ட் கதையின் மறுபதிப்பாகவே இருந்தது. அந்த மேகம் மியூட்டன்ட்களுக்கு நஞ்சு என்று ஆக்கி, 2016-ல் இரு இனத்தையும் மோதவிட்டும் கதையில் இருவருக்கும் நாற்காலி ஒன்றுதான் என்ற சிக்கல் தீரவில்லை என்பது என் கருத்து. அதே உத்தி ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட் தொலைக்காட்சித் தொடரில் நன்றாகப் பலித்ததற்குக் காரணம், எக்ஸ்-மென் திரை உரிமை வேறு நிறுவனத்திடம் இருந்ததால் அந்த உலகத்தில் மியூட்டன்ட்களே இல்லாமல் போனதுதான். மியூட்டன்ட்கள் இல்லையென்றால் டெரிஜனைத் தெருவில் திறந்துவிடுங்கள்; இருக்கிறார்கள் என்றால் அதை அட்டிலானின் மதிலுக்குள்ளேயே பூட்டி வையுங்கள்.

அடுத்து, உங்கள் உலகத்தில் மற்றவர்களுடைய ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மார்வெல் தன் வீரர்களின் கதைகளைத் தொடக்கத்திலிருந்து புதிதாகச் சொன்ன, 2000-ல் தொடங்கிய அல்டிமேட் வரிசை இதற்கு நல்ல பாடம். அங்கே வீரர்கள் பலரும் ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தின் விளைவுகள்; மியூட்டன்ட்கள்கூட மனிதர் நடத்திய இராணுவச் சோதனையில் உருவானவர்கள் என்று 2008-ல் அந்த வரிசை அறிவித்தது. அப்படிப்பட்ட உலகத்தில் பழமையான வம்சம் ஒன்றைக் கொண்டுவந்தால், அரசுகளின் ஆயுதப் போட்டியில் பங்கெடுக்காத ஒரே ஆற்றல் அதுவாகத்தான் இருக்கும். அதனாலேயே எல்லா அரசுகளும் அதைத் தேடும். அந்த வரிசையில் ஃபென்டாஸ்டிக் ஃபோருக்கு 2005-ல் வந்த ஆண்டு மலர் இந்தத் திசையில் சரியாகவே நடந்தது: அரசனின் தம்பி மாக்ஸிமஸுடன் நிச்சயிக்கப்பட்ட திருமணத்தை மறுத்து அரச குடும்பத்துப் பெண் கிரிஸ்டல் நியூயார்க்குக்கு ஓடிவர, அவளைத் தேடி வெளியார் இமயமலை நகரத்துக்குள் வந்துவிட, வாய் திறந்தாலே பேரழிவு விளைவிக்கும் தன் குரலாலேயே பிளாக் போல்ட் நகரத்தை அழிக்கிறான். முடிவு அழகானது. ஆனால் நகரத்தோடு அவர்கள் திரும்பி வருவதற்கான காரணமும் அழிந்துபோனதால், அந்த வரிசை முடிந்த 2015 வரை அவர்கள் முன்வரிசைக்கு வரவே இல்லை. நீங்கள் நகரத்தை அழித்தாலும், வெளியுலகத்தில் ஒரு கடனையோ ஓர் உறவையோ மிச்சம் வையுங்கள்.

இருப்பிடத்தை அலங்காரமாகக் கருத வேண்டாம். முதன்மைத் தொடரில் அட்டிலான் அட்லாண்டிக் தீவிலிருந்து இமயமலைக்கும், மனிதர்களால் மாசடைந்த காற்று அவர்களுக்கு நோய் தந்ததால் 1982-ல் நிலவுக்கும் இடம்பெயர்ந்தது. செயற்கைக்கோள்கள் சுற்றும் காலத்தில் இமயமலையில் ஒரு நகரத்தை மறைக்க வேண்டுமானால், அது எந்த நாட்டின் எல்லைக்குள் இருக்கிறது, அந்த நாட்டின் படைக்குத் தெரியுமா, தெரிந்தும் ஏன் மௌனம் என்ற கேள்விகளுக்கு நீங்கள் விடை வைத்திருக்க வேண்டும். கதையில் அந்த விடையை ஒரே வரியில் சொன்னால் போதும்.

அதிகமாக உழைக்க வேண்டிய இடம் நகரத்தின் உட்புறம். அட்டிலானின் உடலுழைப்பு முழுவதையும் செய்வது ஆல்ஃபா பிரிமிட்டிவ் என்னும், அடிமை வேலைக்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு கூட்டம். அரச குடும்பத்தின் கூந்தலையும் மணிமுடியையும் மட்டும் எழுதுகிறவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள். மறந்த இடத்தில் மிஞ்சுவது அண்ணன் தம்பி அரியணைச் சண்டைதான். 1998-99-ல் பால் ஜென்கின்ஸும் ஜே லீயும் படைத்த பன்னிரண்டு இதழ்த் தொடரில், ஆவலோடு மூடுபனிக்குள் சென்ற ஓர் இளைஞன் ஆல்ஃபா பிரிமிட்டிவாகவே வெளியே வருகிறான். பிறப்பால் உயர்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார் என்ற கணக்கை ஒரே நொடியில் குலைக்கும் அந்தக் காட்சியைவிட வலுவான தொடக்கம் ஒரு மாற்றுலகத்துக்குக் கிடைக்காது. உங்கள் கதையில் அவர்கள் விடுதலை பெற்றுவிட்டார்களா, கிளர்ச்சி செய்கிறார்களா, அல்லது நிலத்தடியில் இன்னும் இயந்திரங்களை ஓட்டுகிறார்களா என்பதை முடிவு செய்த பிறகே அரசனுக்கு வாருங்கள்.

பிளாக் போல்ட்டைத் தனியாகக் கொண்டுவருவதைத் தவிருங்கள். 2022-ல் வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் திரைப்படத்தின் 838-ஆம் பூமி என்னும் மாற்றுலகத்தில் அவன் ஒரு மன்ற உறுப்பினனாக மட்டும் வருகிறான். மந்திர ஆற்றல் கொண்ட வாண்டா அவன் வாயை மறையச் செய்ய, அலறல் அவன் தலைக்குள்ளேயே வெடித்து இறக்கிறான். வாண்டாவின் வலிமையைக் காட்ட அது உதவியது. ஆளக் குடிகள் இல்லாத அரசனின் சாவு வேறு எதையும் அசைக்கவில்லை. அவனுடைய மௌனத்துக்கு எடை வர வேண்டுமானால், அவன் கை அசைவைச் சொல்லாக்கும் அரசி மெடூசாவும், அவள் சொல்வதுதான் அரசன் நினைத்தது என்பதை நம்ப வேண்டிய ஒரு மக்கள் கூட்டமும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காலவரிசையில் இவர்கள் வெளிப்படும் ஆண்டைக் கடைசியாகக் குறியுங்கள். மியூட்டன்ட்களை வேட்டையாடும் சட்டங்கள் வருவதற்கு முன் வெளிப்பட்டால், உலகம் இவர்களைத் தூதரகம் வைத்துப் பேச வேண்டிய அயல்நாடாக நடத்தும். பின் வெளிப்பட்டால், அதே சட்டத்தின் கீழ் அடையாள அட்டை கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், அட்டிலானின் வாயிலில் அடைக்கலம் கேட்டு வரும் முதல் மியூட்டன்டுக்குக் கதவு திறக்கப்படுமா என்பதை உங்கள் முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள்.