உமிழ்நீர் சுரப்பி கேன்சருக்கு ரெண்டு ரேடியேஷன் சேர்க்கிறப்ப பண்ணக் கூடாத தப்பு

பாண்டில ரேடியேஷன் பிளான் போடக் கத்துக்க வர்ற புதுப் பசங்கள பாத்தா பழைய என்னையே பாக்குற மாதிரி இருக்கு. இடது வலது மாத்துறது, பேரு சரிபாக்காம டேபிள்ல ஏத்துறது பத்தியெல்லாம் பேசப் போறதில்ல, அதுக்கு செக்லிஸ்ட் இருக்கு.

ரெண்டையும் கூட்டிப் பாக்காம விடுறது

இன்னிக்கு நெனச்சாலும் எரிச்சல் வர்றது இதான். உமிழ்நீர் சுரப்பில அடினாய்டு சிஸ்டிக்னு ஒரு வகை வரும், மெதுவாத்தான் வளரும், ஆனா நரம்பப் புடிச்சிக்கிட்டு மண்டையோட்டு அடி வரைக்கும் ஏறிடும். அங்க மிச்சம் இருந்தா டோஸ் ஏத்தணும், ஆனா பக்கத்துலயே மூளைத்தண்டு. அதனால பெரிய ஏரியாவுக்கு ஐஎம்ஆர்டி (கட்டியோட வடிவத்துக்கு ஏத்த மாதிரி டோஸ வளைச்சுக் குடுக்குற எக்ஸ்ரே ரேடியேஷன்), மிச்சத்துக்கு மட்டும் புரோட்டான் பூஸ்ட் (கூடுதல் டோஸ்)னு பிரிச்சுக் குடுக்குறதும் உண்டு, ஏன்னா புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்துல நின்னுடும், அதுக்குப் பின்னாடி டோஸ் கிட்டத்தட்ட கெடையாது. சென்னையில புரோட்டான் 2019-லேர்ந்து இருக்கு.

கடலூர் ஓ.டி. பக்கத்துலேர்ந்து ஒரு அண்ணன், மீன் தொழில், தெனமும் பஸ்ல வந்து என்கிட்ட ஐஎம்ஆர்டி முடிச்சாரு. மூளைத்தண்டுக்கு லிமிட் 54 கிரே (டோஸ அளக்குற அளவு), என் பிளான்ல 42, பாஸ். பூஸ்ட் வேற ஊர்ல, அவங்க பிளான்ல 15, அதுவும் பாஸ். நான் எந்த எடத்துல எவ்ளோ டோஸ்னு முழுசா இருக்குற டைகாம் ஃபைல அனுப்பாம வெறும் பிடிஎஃப் அனுப்பிட்டு நிம்மதியா டீ குடிக்கப் போயிட்டேன். ஆரம்பிக்கிறதுக்கு மொத நாள் அங்கேர்ந்து ஒரு சீனியர் சார் போன் பண்ணி "தம்பி, ரெண்டையும் கூட்டுனியா?"ன்னாரு. 57. திருப்பி பிளான் போட ஆறு நாள் போச்சு, ட்ரீட்மெண்ட்ல இடைவெளி விழுந்தா கட்டிக்குத்தான் லாபம், அண்ணனோ லாட்ஜ் வாடகை கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. "மெஷின் ரிப்பேரா தம்பி?"ன்னு கேட்டாரு, நானும் ஆமான்னுட்டேன்.

கூட்டுறதும் சும்மா கூட்டுனா பத்தாது. ஜெர்மனில ஹைடல்பெர்க்ல கார்பன் அயான் (புரோட்டான விட கனமான துகள்) 24, ஐஎம்ஆர்டி 50-ன்னு சேர்த்துக் குடுத்தாங்க, பாக்க 74 தான், ஆனா கார்பன் ஒரு நாளைக்கு 3 வீதம் எட்டு நாள், ஐஎம்ஆர்டி 2 வீதம் 25 நாள். ஒரு நாள் டோஸ் கூடுனா திசு எவ்ளோ அடி வாங்கும்னு சொல்ற ஆல்ஃபா-பீட்டாவுக்கு 2 போட்டு, தெனமும் 2 வீதம் குடுத்த கணக்குக்கு மாத்துனா நரம்புத் திசுவுக்கு அந்த 24 வந்து 30 ஆயிடும், ஆக 80. இத விட்டுட்டு எக்ஸெல்ல பிளஸ் போட்டு அனுப்புற பசங்க இன்னும் இருக்காங்க.

பழைய சிடி ஸ்கேன்லயே பூஸ்ட் போடுறது

ஆறு வாரத்துல ஆளு எளச்சிருப்பாரு, தலை அசையாம இருக்கப் போடுற மாஸ்க் லூஸாயிருக்கும். கன்னம் ஒட்டிப் போச்சுன்னா புரோட்டான் நெனச்ச எடத்த தாண்டி உள்ள போயிடும். புது சிடி எடுங்க, சோம்பேறித்தனம் வேணாம்.

நரம்ப பாதிலயே விடுறது

பிளான்ல சுரப்பிய மட்டும் வரைஞ்சிட்டு நிறுத்தாதீங்க, நரம்பு மண்டையோட்டு அடி வரைக்கும் போற பாதையையும் சேத்து வரைங்க.

எதிர்ப்பக்க சுரப்பி

நோயில்லாத பக்கத்து உமிழ்நீர் சுரப்பிக்குப் போற டோஸ் சராசரி 20 கிரேக்குக் கீழ இருக்கணும். வாய் காஞ்சவங்க ஒரு வாய் சோறு முழுங்கப் படுற பாட்ட ஒரு தடவ பாத்தா நீங்களே மெனக்கெடுவீங்க.

பல்லு

புடுங்க வேண்டியத ரேடியேஷனுக்கு முன்னாடியே புடுங்கிடணும், ரெண்டு வாரமாவது ஆறட்டும்.