தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடுமா?

இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு நடுவே 400 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும். அப்படியானால் அரை மணி நேரம், அவ்வளவுதானே? இப்படிக் கணக்குப் போட்டுவிட்டு டிக்கெட்டைப் பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம் என்று இருக்கும். டிக்கெட்டில் தப்பில்லை.

இந்த மாதிரி வழித்தடங்களில் பெரும்பாலும் ஓடுவது ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப் விமானங்கள், அதாவது இறக்கையில் விசிறி சுழலும் விமானங்கள். அவற்றின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். அதை வைத்து வகுத்தாலும் 48 நிமிடம்தான் வருகிறது. மிச்சம் எங்கே போனது? டிக்கெட்டில் இருப்பது வானத்தில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி நிற்கும்வரை உள்ள மொத்த நேரம் அது. இதற்கு 'பிளாக் டைம்' என்று பெயர். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, காற்றின் திசைக்கேற்பச் சுற்றி வந்து இறங்குவது எல்லாம் இதில் சேரும். தாமதமானால் சமாளிக்க நிறுவனங்கள் கூடுதலாகச் சில நிமிடங்களையும் சேர்த்து வைப்பதுண்டு.

சரி, ஜெட் விமானமாக இருந்தால்? பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 463 கிலோமீட்டருக்கு மேல் பறக்கக் கூடாது. குறுகிய தூரத்தில் பாதிப் பயணம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே கழிந்துவிடும். அதனால் ஜெட்டில் மிச்சமாவது சில நிமிடங்கள்தான்.

போகிற நேரமே திரும்பி வரவும் ஆகும் என்று நினைப்பது அடுத்த தவறு. 500 கிலோமீட்டர் தூரம், விமானத்தின் வேகமும் 500, எதிர்க்காற்று 100 என்று வையுங்கள். போக 75 நிமிடம், வர 50 நிமிடம். கூட்டினால் 125, காற்றே இல்லாவிட்டால் 120. போகும்போது விட்டதை வரும்போது காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை!

'மைல்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். விமானத்துறையில் புழங்குவது கடல் மைல், 1.852 கிலோமீட்டர். சாலை மைல் 1.609. 300 மைலுக்கே 73 கிலோமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அப்புறம், டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். நேர மண்டலம் மாறினால் நேரடியாகக் கழித்துப் பார்ப்பது உதவாது.

ஊர்ப் பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இன்னொரு சிட்னி. முன்னதன் மூன்றெழுத்துக் குறியீடு எஸ்.ஒய்.டி, பின்னது ஒய்.கியூ.ஒய். தேடும்போது குறியீட்டைப் போடுவதே நல்லது.

என்னைக் கேட்டால் பெரிய ஏமாற்றம் வேறு. விமான நிலையங்களுக்கு இடையே தூரம் காட்டும் இணையக் கருவிகள் எந்த இரண்டு நிலையங்களைக் கொடுத்தாலும் நேர்க்கோடு போட்டு ஒரு நேரத்தைச் சொல்லிவிடும். அங்கே நேரடி விமானம் உண்டா என்று பார்ப்பதில்லை. சிறிய நிலையங்களுக்கு இடையே பல சமயம் அது இருக்காது. பெரிய நிலையம் ஒன்றில் இறங்கி, சில மணி நேரம் உட்கார்ந்து, அடுத்த விமானம் பிடிக்க வேண்டும். ஆகவே முதலில் கால அட்டவணையைப் பாருங்கள், தூரத்தை அப்புறம் அளக்கலாம்.