அலுவலகத்துக்கு சர்வர் மென்பொருள் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் அலுவலக நெட்வொர்க் அமைக்கத் தொடங்கும் இளைஞர்கள், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சர்வரா, அதற்கு மாற்றான இலவச மென்பொருள் சாம்பாவா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பேக்கப், யூ.பி.எஸ். போன்றவை அவர்களுக்குத் தெரிந்தவையே என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மேசையில் இருக்கும் கணினிகளைப் பார்க்காமல் சர்வர் வாங்குவது

ராணிப்பேட்டையில் தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில், விலை குறைவு என்று விண்டோஸ் 11 ஹோம் பதிப்புள்ள மடிக்கணினிகளை வாங்கி, சர்வருக்கும் பணம் கட்டிய பிறகே என்னை அழைத்தார்கள். கணினியின் பெயரை மாற்றும் பெட்டியைத் திறந்தால், டொமைன் (கணினிகளையும் பயனர்களையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் குழு) என்ற தெரிவு மங்கிப்போய், சொடுக்கவே முடியாமல் இருந்தது. ஹோம் பதிப்பு டொமைனில் சேராது. சர்வரில் இருப்பது சாம்பாவானாலும் சேராது. ஆகவே ஒவ்வொரு கணினிக்கும் புரோ உரிமத்தைத் தனியாக வாங்க வேண்டியதாயிற்று.

அதோடும் செலவு நிற்கவில்லை. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டுக்கு சர்வர் உரிமம் வேறு, அதைப் பயன்படுத்துவோருக்கான சி.ஏ.எல். (கிளையண்ட் ஆக்சஸ் லைசென்ஸ்) உரிமம் வேறு. இந்த இரண்டாவது உரிமம் கொட்டேஷனில் இல்லவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சி.ஏ.எல். உரிமத்தை ஆளுக்கும் வாங்கலாம், கருவிக்கும் வாங்கலாம். ஷிஃப்டு மாறி மாறி ஒரே கணினியில் பலர் உட்காரும் தொழிற்கூடத்துக்குக் கருவிக் கணக்கும், ஒருவரே மேசைக் கணினியும் மடிக்கணினியும் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு ஆள் கணக்கும் சிக்கனமாக அமையும். இதை எண்ணிப் பார்க்காமல் எந்த மென்பொருளையும் முடிவு செய்யாதீர்கள்.

சாம்பாவின் ஒரே சர்வரில் எல்லாவற்றையும் ஏற்றுவது

2012 டிசம்பரில் வெளியான 4.0 பதிப்பு முதல் சாம்பா ஆக்டிவ் டைரக்டரி (மைக்ரோசாஃப்டின் டொமைன் முறை) டொமைன் கன்ட்ரோலராகவும், அதாவது டொமைனில் நுழைவோரைச் சரிபார்க்கும் சர்வராகவும், இயங்குகிறது, அதற்கு சி.ஏ.எல். தேவையில்லை. ஆனால் கன்ட்ரோலராக இருக்கும் சர்வரிலேயே கோப்புப் பகிர்வையும் வைக்க வேண்டாம் என்று சாம்பா குழுவினரே அறிவுறுத்துகிறார்கள். இரண்டாவது கன்ட்ரோலர் வைத்தால், குரூப் பாலிசி (டொமைன் கணினிகளுக்கான பொது விதிகள்) இருக்கும் சிஸ்வால் கோப்புறை தானாகப் பிரதியாகாது. அதற்குக் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் போன்ற தனி ஏற்பாடு வேண்டும்.

டி.என்.எஸ். இடத்தில் 8.8.8.8 கொடுப்பது

டி.என்.எஸ். என்பது பெயரை முகவரியாக மாற்றும் சேவை. 8.8.8.8 கூகுளின் பொது டி.என்.எஸ்.; உங்கள் டொமைன் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே டொமைனில் உள்ள கணினிகளுக்கு டொமைன் கன்ட்ரோலரின் முகவரியை மட்டுமே கொடுங்கள்.

விண்டோஸ் புரோ கணினியையே கோப்பு சர்வராக்குவது

ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் அது ஏற்காது.